மாத்தளையில் பதினோரு ஜெர்சிகள்

யாழினி, கதிர், நான் திரும்பி வந்த அன்றைக்கு நீங்கள் மாற்றி மாற்றிக் கேட்டதில் பாதிக்குத்தான் பதில் சொன்னேன். வாயால் சொன்னால் எனக்கு முன்பின்னாகிவிடும். அதனால் பட்டறையில் அளவு எழுதுகிற நோட்டிலேயே நாள் வரிசையாக எழுதியிருக்கிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுதியது. பிழை இருந்தால் யாழினி திருத்திக்கொள்ளலாம்.

நான் எதற்குப் போனேன் என்று உங்களுக்குத் தெரியும். திருப்பூருக்குப் பனியன் வாங்க வருகிற, இலங்கையில் மாத்தளை ஊர் வியாபாரி ஒருவர் மூலமாக நம் பட்டறைக்கு ஓர் ஆர்டர் வந்தது. அங்கே ஒரு மாகாண கிரிக்கெட் அணிக்குப் பதினோரு ஜெர்சி. மெரூன் நிறம், முதுகில் நம்பர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். பார்சலில் போட்டால் ஆட்டம் முடிந்த பிறகு போய்ச் சேரும் என்று முதலாளி பயந்தார். "மாஸ்டர், உங்ககிட்டத்தான் பாஸ்போர்ட் சும்மா கிடக்குதே" என்றார். வளைகுடாவுக்குப் போகலாம் என்று எடுத்துவைத்து, போகாமலே கிடந்த பாஸ்போர்ட். அதில் விழுந்த முதல் முத்திரை கிரிக்கெட்டுக்காக!

வியாழக்கிழமை. கண்டியில் ரயில் ஏறினேன். உக்குவளையில் இறங்க வேண்டும். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நம் பக்கம் ரயிலில் போனால் வெயில்தான் கூடவே வரும். இங்கே பாக்கு மரம், மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி, பாலத்துக்குக் கீழே சாயம் கலக்காத ஆறு. ஆற்றுத் தண்ணீருக்கு நிறமே இல்லை, பிள்ளைகளா! அதை வியந்துகொண்டே இருந்தவன் எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. கண் விழித்தபோது பெட்டியில் நானும், பெருக்குகிற ஓர் அம்மாவும் மட்டும்தான்.

அவர் முதலில் சிங்களத்தில் ஏதோ சொன்னார். நான் விழிப்பதைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "இது மாத்தளைங்க. இதுக்கு மேல தண்டவாளமே இல்ல. எறங்குங்க."

"அம்மா, உக்குவளை?"

"அது அப்பவே போயிருச்சு. நல்லாத் தூங்கினீங்க, நான்தான் எழுப்ப வேணாம்னு விட்டேன்."

அந்த அம்மாவே தன் போனில் நான் காட்டிய எண்ணுக்குப் பேசினார். அரை மணி நேரத்தில் ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. அந்த ஊரில் ஆட்டோவை அப்படித்தான் சொல்கிறார்கள். உள்ளேயிருந்து குச்சி மாதிரி ஒல்லியான ஒருவர் குதித்து இறங்கினார். வெள்ளைத் தாடி, வயது அறுபதுக்குப் பக்கம், நடை மட்டும் இருபது. ஆர்டர் கொடுத்த ஹனீபா நானா இவர்தான். நானா என்றால் அங்கே அண்ணன்.

என்னை நலம் விசாரிக்கவில்லை. பையைப் பார்த்தார். ஸ்டேஷன் பெஞ்சிலேயே பிரித்து, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். "ஒம்பது, பத்து, பதினொன்னு. அல்ஹம்துலில்லாஹ்!" அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "சாப்பிட்டீங்களா மாஸ்டர்?"

சாப்பாடு பற்றிக் கதிர் மூன்று தடவை கேட்டான். பக்கத்துக் கடையில் பாண், பருப்பு, தேங்காய்ச் சம்பல். பாண் என்றால் நம் பிரெட்தான். ஆனால் செங்கல் கனத்தில், மேலே மொறுமொறுவென்று இருக்கும். பிய்த்துப் பருப்பில் தோய்க்க வேண்டும். சம்பல் உறைப்பில் என் காது அடைத்துவிட்டது. பிறகு பிளேன்டீ. பால் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும். நான் கருப்பட்டியை எடுத்து டீக்குள் போட்டுவிட்டேன். கடைக்காரர் அதைப் பார்த்து, வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அங்கேதான் விஷயம் தெரிந்தது. அந்த மாகாண அணி இப்போது இல்லை. போட்டிகளின் முறை மாறியபோது அணியைக் கலைத்துவிட்டார்கள். ஆடியவர்கள் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இத்தனை வருடம் கழித்து எல்லோரையும் தேடிப் பிடித்து, நாவுலயில் அந்த ஊர் இளைஞர்களோடு ஓர் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்தவர் ஹனீபா நானா.

"நீங்க பேட்டிங்குங்களா, பௌலிங்குங்களா?" என்று கேட்டேன்.

"நான் பன்னெண்டாவது ஆள். நாலு வருசமும். தண்ணி கொண்டு போவேன், கிளவுஸ் கொண்டு போவேன், உடுப்புப் பெட்டி என்ட பொறுப்பு. பதினோரு பேருல ஒத்தனுக்கும் ஒரு நாளும் காய்ச்சல் வரல்ல மாஸ்டர்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"உங்களுக்கு ஜெர்சி சொல்லவே இல்லீங்களே?"

"தண்ணி கொண்டு போறதுக்கு ஜெர்சி எதுக்கு?"

நாலு வருடத்தில் ஒரே ஒரு பிழை விட்டாராம். கடைசி ஆட்டத்தன்று உடுப்புப் பெட்டியை வேறு பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அது தம்புள்ளைக்குப் போய்விட்டது. பதினோரு பேரும் ஆளுக்கொரு சட்டையில் இறங்கினார்கள். படம் பிடிக்க வந்தவர் அந்தக் கோலத்தைப் பார்த்து, அடுத்த ஆட்டத்தில் எடுக்கலாம் என்று போய்விட்டார். அடுத்த ஆட்டம் வரவே இல்லை. "ஒரே நிறத்துல பதினோரு பேரும் இறங்கணும். ஒரு படம் எடுக்கணும். எனக்கு அது ஒன்னுதான் வேணும்" என்றார். பையை மடியில் வைத்துக்கொண்டுதான் பிளேன்டீ குடித்தார்.

உக்குவளையில் அவர் வீட்டில் பையை வைத்துவிட்டு முகம் கழுவினேன். அவர் மனைவி வட்டிலப்பம் என்கிற கருப்பட்டி இனிப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "என்ட செருப்பு அளவு இவருக்குத் தெரியாது. எங்கட புள்ளைகள்ட சட்டை அளவு தெரியாது. அந்தப் பதினோரு பேருட அளவு மட்டும் மனப்பாடம். யாரையும் கேட்கவே இல்ல, ஒரே மூச்சுல எழுதினார்."

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லையா? அவர் அனுப்பிய பட்டியலில் முப்பத்தாறு, முப்பத்தெட்டு என்றுதான் இருந்தது. வாலிபப் பையன்கள் அணி என்று நினைத்து நானும் அப்படியே வெட்டினேன்.

மாலையில் அலுவிகாரையில் கேப்டன் வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். நிமல் என்று பெயர். சிங்களவர், தமிழ் கொஞ்சம்தான். கதவை நிறைத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே வேகப்பந்து வீச்சாளர் யோகன், கச்சேரியில், அதாவது அங்கத்து அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மற்றவர்களும் வந்தார்கள். நான் ஓரமாக நின்று ஒவ்வொரு வயிறாகப் பார்த்தேன். கட்டிங் மாஸ்டர் கண்ணுக்கு டேப் வேண்டாம். நாற்பத்தாறு, நாற்பத்தெட்டு, ஐம்பது. தப்பி ஓடலாமா என்று வாசலைப் பார்த்தேன்.

ஹனீபா நானா பண்டிகைக்குப் பலகாரம் கொடுக்கிற மாதிரி ஆளுக்கொன்று கொடுத்தார். யோகன் தலையை நுழைத்தார். தலை உள்ளே போனது, வெளியே வரவில்லை. ஜெர்சிக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வந்தது. "டேய் ஹனீபா! இது நான் கல்யாணம் கட்டுறதுக்கு முந்தின அளவுடா! யாராச்சும் இழுங்க, மூச்சு முட்டுது!"

இரண்டு பேர் இழுத்தார்கள். கேப்டனுடையது நெஞ்சுக்கு மேலேயே சுருண்டு நின்றது. முற்றம் முழுக்கச் சிரிப்பு. கேப்டன் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இன்னும் சிரித்தார்கள். யோகன் எனக்கு மொழிபெயர்த்தார்: "உடுப்பு சரியாத்தான் இருக்காம். நாங்கதான் பிழையாம்."

எல்லோரும் சிரித்தார்கள், ஹனீபா நானாவைத் தவிர. அவர் ஜெர்சிகளை ஒவ்வொன்றாக வாங்கி மடித்தார். பதினொன்றும் இருக்கிறதா என்று எண்ணினார். பிறகு கேட்டுக்கு வெளியே போய் ரோட்டைப் பார்த்து நின்றார். நானும் போனேன்.

"ரெண்டாவது தடவையும் நானே கெடுத்துட்டேன் மாஸ்டர்" என்றார்.

"வெட்டினது நானுங்க. கேட்காம வெட்டினதும் நான்தானுங்க. நாளைக்குக் காலையில ஒரு டேப்பும், ஊருக்குள்ள ஒரு ஓவர்லாக் மெஷினும் வேணும். கிடைக்குங்களா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கத்திரிக்கோல் வேணாமா?" என்றார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

வெள்ளிக்கிழமை. காலையிலேயே அதே முற்றத்தில் அளவு எடுத்தோம். நான் டேப் பிடிக்க, நானா எழுதினார். கேப்டன் முறை வந்தது. நாற்பத்து நாலு என்று சொன்னேன். நானா பேனாவை நிறுத்தினார். "எழுத மாட்டேன். கெப்டன் வயித்தை உள்ளுக்கு இழுத்துட்டு நிக்கிறார். மச்சான், மூச்சை விடு!" கேப்டன் விட்டார். டேப் என் கையிலிருந்தே நழுவிவிட்டது. ஐம்பது! அதற்குப் பிறகு ஒவ்வொருவரையும் சிரிக்க வைத்துவிட்டுத்தான் அளந்தோம். சிரிக்கிறவன் வயிற்றை இழுத்துப் பிடிக்க முடியாது.

மாத்தளை டவுனுக்குப் பஸ்ஸில் போனோம். அந்த ஊர் பஸ்ஸில் பாட்டுச் சத்தத்துக்கு நம் ஊர்த் தனியார் பஸ் தோற்றுவிடும். கண்டக்டர் வாசலில் தொங்கியபடி "மாத்தளை, மாத்தளை, மாத்தளை" என்று ஒரே மூச்சில் கத்துகிறார். பஸ் மாத்தளைக்குள் வந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை.

மெரூன் துணி தேடினோம். எந்தக் கடையிலும் அந்த நிறம் இல்லை. ஒன்று ரத்தச் சிவப்பு, ஒன்று பீட்ரூட். நடுப்பகலில் ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது. நானா பள்ளிவாசலுக்குப் போகும்போது, பள்ளிச் சீருடை தைக்கிற சித்ரா அக்காவின் கடையில் என்னை உட்காரவைத்துவிட்டுப் போனார்.

அக்காவிடம் விவரம் சொன்னேன். அளவு நோட்டை வாங்கிப் பார்த்தார். "இந்த வயித்துக்கெல்லாம் ஏத்த துணி மாத்தளையிலயே இல்லைங்க" என்றார். பிறகு எழுந்து அலமாரியைத் திறந்தார். பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு மஞ்சள் இல்லம் என்கிற மாணவர் அணிக்காக வாங்கிய துணி, ஒரு முழுச் சுருள்! நம் ஜெர்சித் துணி மாதிரியே இழுபடுகிற ரகம்.

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத் தையலைப் பிரிக்க வேண்டும். அக்குளிலிருந்து அடி வரைக்கும் மஞ்சள் பட்டை கொடுக்க வேண்டும். கைக்கும் அதே மாதிரி. கழுத்தை வெட்டி மஞ்சள் பட்டி. ஒட்டுப் போட்டது போலத் தெரியாது, அப்படியே டிசைன் செய்தது போலத் தெரியும்! தொழுகை முடிந்து நானா வந்தபோது, யோகனுடைய ஜெர்சியைப் பிரித்துத் தைத்தே முடித்திருந்தேன். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பழையதை விட அழகாயிட்டுதே!" என்றார்.

"அதைக் கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க" என்றார் சித்ரா அக்கா. "இல்லாட்டி வேணும்னேதான் சின்னதாத் தைச்சேன்னு மாஸ்டர் சொல்லிடுவாரு."

சனிக்கிழமை. காலையிலிருந்து நானும் அக்காவும் எதிரெதிராக மெஷினில் உட்கார்ந்தோம். வெளியே மழை. நம் பட்டறைச் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. இங்கே மழைச் சத்தத்தில் மெஷின் ஓடுவதே தெரியவில்லை. மத்தியானத்துக்குக் கொத்துரொட்டி வாங்கிவந்தார்கள். நம் கொத்துப் பரோட்டாவின் ஒன்றுவிட்ட தம்பி, ஆனால் இவன் கொஞ்சம் முரடன்.

பத்து ஜெர்சி முடிந்தது. கேப்டனுடைய ஏழாம் நம்பரைக் கையில் எடுத்தேன். அப்போது கேப்டன் குடையோடு உள்ளே வந்தார். நானா இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்து, இல்லை என்று தெரிந்ததும், சித்ரா அக்காவிடம் சிங்களத்தில் மெதுவாகப் பேசினார். அக்கா மெஷினை நிறுத்திவிட்டார்.

"என்னங்க சொல்றாரு?"

"அந்த ஏழாம் இலக்கத்தைத் தொட வேணாங்கிறாரு. பிரிக்காம, அப்படியே இருக்கட்டுமாம்."

"முப்பத்தாறுங்க அது. இவருக்கு ஐம்பது."

"இவருக்கில்லையாம்" என்றார் அக்கா. "ஹனீபா நானாவுக்கு எத்தன அளவுன்னு கேட்கிறாரு."

நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த அணியிலேயே உடம்பு மாறாதவர், பட்டியலில் இல்லாத அந்த ஒருவர்தான். சரியாக முப்பத்தாறு.

கேப்டன் என் தோளைத் தட்டி, "மல்லி" என்றார். தம்பி என்று அர்த்தம். பிறகு மஞ்சள் சுருளைக் காட்டி, தன் வயிற்றைக் காட்டி, பத்து விரலும் பிறகு இரண்டு விரலும் காட்டினார். முழு மஞ்சளில் ஐம்பது அளவுக்கு ஒன்று, முதுகில் பன்னிரண்டு. நானாவிடம் மூச்சு விடக் கூடாது என்று வாயில் விரல் வைத்தார். அவ்வளவு பெரிய மனிதர் குடையை மறந்துவிட்டு மழைக்குள் நடந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை. வாடகை பஸ்ஸில் நாவுல ஊருக்குப் புறப்பட்டோம். பாதி வழியில் காய்கறி ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் போனது, வழி விடவே இல்லை. டாஸ் போய்விடும் என்று நானா சீட்டில் உட்காராமல் தவித்தார். "டாஸ் போட வேண்டிய கெப்டன் இங்கதான்டா இருக்கான்" என்றார் யோகன். கடைசியில் பார்த்தால், டிராக்டரை ஓட்டிப் போனது எதிரணிப் பையன். மைதானத்து வாசலில் கத்தரிக்காய் மூட்டையோடு இறங்கி, "சாரி அங்கிள்" என்றான்.

நானா ஜெர்சிகளைக் கொடுத்தார். கேப்டன் தன்னுடையதைத் தானே போட்டுக்கொள்வதாகச் சொல்லி ஏழாம் நம்பரை வாங்கிக்கொண்டார். நானா செவ்விளநீர் வெட்டிக் குடத்தில் ஊற்றப் போய்விட்டார். பந்தலுக்கு முன்னால், பள்ளி ஆசிரியரான நடுவர் ஒலிபெருக்கியில் நம் அணியில் ஆடுகிறவர்களின் பெயர்களை வாசித்தார். பத்துப் பேர் ஆயிற்று. பதினொன்றாவதாக, "ஹனீபா" என்றார்.

நானா குடத்தைக் கீழே வைத்துவிட்டு நடுவரிடம் ஓடினார். "சேர், பிழை இருக்கு. கெப்டன்ட பேர் விடுபட்டிருக்கு. நான் பன்னெண்டாவது!"

"பன்னெண்டாவது ஆள் நான்" என்று பின்னாலிருந்து தமிழில் ஒரு குரல். அந்த வாக்கியத்தைக் கேப்டன் யோகனிடம் கேட்டுப் பழகியிருந்தாராம். முழு மஞ்சளில், பெரிய பலாப்பழம் மாதிரி நின்றார். ஒரு கையில் செவ்விளநீர்க் குடம். மறு கையில் ஏழாம் நம்பர்.

"சட்டப்படி பிழை!" என்றார் நானா.

"டாஸுக்கு முந்திப் பேர் குடுத்தாச்சு. சட்டப்படி சரி" என்றார் யோகன். "போட்டுக்கடா. எங்களுக்குக் காய்ச்சல் வர்ற வரைக்கும் காத்திருக்காதே."

நானா போட்டுக்கொண்டார். தோளில் உட்கார்ந்தது, நெஞ்சில் உட்கார்ந்தது, ஒரு சுருக்கம் இல்லை. இத்தனை வருடத் தொழிலில் அளவெடுக்காமல் தைத்து அப்படிப் பொருந்திய சட்டையை நான் பார்த்ததில்லை. படம் எடுத்தார்கள். பதினோரு பேரும் மெரூன், ஓரத்தில் குடத்தோடு ஒரு மஞ்சள்.

ஆட்டத்தைக் கதிருக்காக எழுதுகிறேன். நாவுலப் பையன்கள் முதலில் ஆடி வெளுத்துவிட்டார்கள். நம் ஆட்களும் விடவில்லை. ஓட முடியாதவர்கள் என்பதால் பவுண்டரியாகவே அடித்தார்கள். ஒன்பது விக்கெட் போனபோது ஜெயிக்க நாலு பந்தில் ஆறு ஓட்டம் வேண்டும். மறுமுனையில் யோகன். ஹனீபா நானா இறங்கினார். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன்.

முதல் பந்து மட்டையில் படவே இல்லை. இரண்டாவது மட்டையின் ஓரத்தில் பட்டு ஓடியது. நானா ஓடினார் பாருங்கள்! மட்டையை இரண்டு கையிலும் தட்டையாகப் பிடித்துக்கொண்டு, தட்டில் இருக்கிற தண்ணீர் சிந்தக் கூடாது என்கிற மாதிரி ஓடினார். நாலு வருடம் மைதானத்துக்குள் ஓடிய ஒரே ஓட்டம் அதுதானே. ஒரு ரன். உடனே கேப்டன் யாரும் கூப்பிடாமலே குடத்தோடு உள்ளே போனார். நானா வழக்கம் போலக் குடத்தை அவர் கையிலிருந்து வாங்கி, முதலில் நடுவருக்கு ஊற்றப் போனார். கேப்டன் குடத்தைப் பிடுங்கி நானாவுக்கு ஊற்றிக் கொடுத்தார்.

அடுத்த பந்தில் யோகன் நாலு அடித்தார். ஒரு பந்து, ஒரு ஓட்டம். யோகன் சுழற்றினார், படவில்லை. ஆனால் நானா எதிர்முனையிலிருந்து புறப்பட்டு, வந்து சேர்ந்தும் விட்டார். யோகன்தான் பாதி பிட்சில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். கீப்பர் பந்தை எறிந்து, யோகன் போய்ச் சேராத எதிர்முனை ஸ்டம்பை விழவைத்தான். ஆட்டம் சமன். இரண்டு பக்கமும் ஜெயித்தது போலக் குதித்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் எல்லோரும் ஜெர்சியைக் கழற்றி வேறு சட்டைக்கு மாறினார்கள். நானா ஒரு சாக்கை விரித்தார். "எல்லாம் தாங்க, கழுவித் தாறேன்." ஒவ்வொன்றாக உதறி மடித்து உள்ளே போட்டார். கேப்டனின் மஞ்சளைத் தனியாக வைத்தார். பிறகு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். முகம் மாறியது. சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"வண்டியை நிப்பாட்டுங்க! பத்துதான் இருக்கு! ஒன்னைக் கிரவுண்டுல விட்டுட்டு வந்துட்டேன்!"

டிரைவர் பிரேக் போட்டார். யோகன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், தோள் மட்டும் குலுங்கியது. கேப்டன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். நானா என் பக்கம் வந்தார். "மாஸ்டர், நீங்க சரியா எண்ணித்தானே தந்தீங்க?"

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் தோள் தையலைத் தொட்டேன். "நானா, அக்குள்ல எங்கயாச்சும் பிடிக்குதுங்களா?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார்.

"பதினொன்னு" என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.